இத்தாலிக்காரனுக்கு நான் கொடுத்த தாய்

இன்னொருவன் பேசுவதற்கு ஒலிபெருக்கியில் பொருள் சொல்லும் வேலையில் ஒரு வசதி உண்டு: எல்லோரும் திரையைத்தான் பார்ப்பார்கள், உங்களை யாரும் பார்க்கமாட்டார்கள். ஆனால் உங்களை யாரும் நம்பவும் மாட்டார்கள். கூட்டங்களில் பெரியவர்களின் பேச்சை மொழிபெயர்த்தவர்கள், ஆஸ்பத்திரியில் டொக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நின்றவர்கள், அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்த சிங்களக் கடிதத்தைப் பக்கத்து வீட்டாருக்கு வாசித்துக் காட்டியவர்கள் எல்லாருக்கும் நான் படப்போகும் பாடு தெரிந்திருக்கும்.

பாடசாலைகள் இன்னும் மிசன்களின் கையில் இருந்த காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் பங்குச் சுவாமியே பாடசாலை மனேச்சரும். தை மாதம் காலியாகும் ஆசிரியர் இடத்தை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். வீட்டில் அம்மாவும் மூன்று தங்கைகளும் அந்தத் தை மாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரைக்கும் கோவிலின் படமெஷினோடு ஊரூராகப் போய், வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் விளக்கம் சொல்லும்படி சுவாமி என்னை அனுப்பினார். மெஷின் ஓட்டுபவர் பாவிலு அண்ணன். ஜீப்பும் அவர்தான் ஓட்டுவார். பேச்சு மட்டும் என்னுடையது.

அந்த வருடம் கொழும்பிலிருந்து வந்த பெட்டியில் ஒரு சிரிப்புப் படம் இருந்தது. இத்தாலிய மீனவன் ஒருவன் வலையும் தகரப்பெட்டியுமாகக் கப்பலேறி, தெரியாத நாடொன்றில் போய் இறங்குகிறான். அவனுக்கு பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கத் தெரியாது. வாடகைக்கு இருக்கும் வீட்டின் விறாந்தையில் மீன் காயப்போடுகிறான். பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்து மாவுக்குள் விழுகிறான். கடைசியில் வீட்டுக்காரியையே கட்டி அந்த ஊர்க்காரனாகிவிடுகிறான். படத்தோடு ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்த தாள்களும் வந்திருந்தன. மற்றவர்கள் பேசுவதெல்லாம் அதில் இருந்தது. ஆனால் கோபமோ கவலையோ வந்தால் கதாநாயகன் தன் சொந்த மொழிக்கு மாறிவிடுவான். அந்த இடங்களில் ‘இத்தாலிய மொழியில் பேசுகிறான்’ என்று மட்டுமே தாளில் எழுதியிருந்தது. அப்படிப் பதினொரு இடங்கள். எனக்கு ஆங்கிலம் தெரியும். இத்தாலிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது.

அரை முழம்

முதல் தடவை படத்தைப் போட்டது முசலிப் பக்கத்தில். ஊர்ச் சந்தியில் புடவைக்கடை வைத்திருந்த காதர் நானா கதிரை ஒன்றைக் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு நான் நேர்மையாகத்தான் இருந்தேன். கதாநாயகன் கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கையில் ஒரு கிழவியின் படத்தை வைத்துக்கொண்டு, கண்ணீரோடு நெடுநேரம் தன் மொழியில் பேசினான். நான் ஒலிபெருக்கியில், “அவர் கவலைப்படுகிறார்” என்றேன். பேக்கரியில் அவன் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் கத்தினான். “அவர் கோபப்படுகிறார்” என்றேன்.

படம் முடிந்ததும் காதர் நானா கதிரையை மடக்கினார். போகாமல் கொஞ்ச நேரம் நின்றார். நான் எதையோ ஒளித்துவிட்டேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அது கெட்ட பேச்சா, அரசியலா என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. கடைசியில் தன் தொழிலின் கணக்கில் கேட்டார்.

“தம்பி, அவன் மூணு முழம் பேசினான். நீங்க அரை முழந்தான் வெட்டித் தந்தீங்க. மிச்சத் துணி எங்க?”

சப்பாத்துக் கால்

அடுத்த முறை படம் போட்டது பள்ளிமுனையில். காதர் நானாவின் கேள்விக்குப் பயந்து, பதினொரு இடத்துக்கும் நீளமான பேச்சுகளை நானே எழுதிக்கொண்டு போனேன். கப்பலில் அழும் இடத்தில், கையில் இருந்த படத்துக் கிழவியை அவனுடைய தாயாக்கினேன். அவள் இறந்து முப்பது நாள்கூட ஆகவில்லை என்றும் சொன்னேன். கூட்டம் அசையாமல் கேட்டது.

எல்லோரும் கலைந்துபோன பிறகு மரியான் சம்மாட்டியார் மட்டும் நின்றார். மூன்று வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். அதிகம் கதைக்காதவர். கதாநாயகன் வீட்டுக்காரியின் கதிரையில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்தும் காட்சியை அவர் பிடித்துக்கொண்டார். வலை பொத்துகிறவன் கால் பெருவிரலில் வலையைக் கொழுவி இழுத்துப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் வலைக்கண்கள் ஒரே அளவாக வராது என்று, தன் செருப்பைக் கழற்றி, பெருவிரலை ஆட்டியே காட்டினார். இவனோ பளபளக்கும் சப்பாத்தோடு, பூத்தைக்கிற பிள்ளையைப்போல மடியில் வலையைப் போட்டுக்கொண்டிருந்தான். சிரிப்புப் படந்தானே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“உவன் தன்ர சீவியத்தில வலை தொட்டவனில்லை. வலை தொடாதவன் மீன்பிடிகாரன் எண்டு சொல்லுறான். அப்ப இத்தாலிக்காரன் எண்டு சொல்லுறதை மட்டும் நீர் என்னெண்டு நம்பினீர்?”

துணிக்குப் பின்னால்

அதே பள்ளிமுனையில் இன்னொரு வழக்கும் வந்தது. இரண்டு கம்பங்களுக்கு நடுவில் வெள்ளைத்துணி கட்டித்தான் படம் காட்டுவோம். முன்பக்கத்தை ஆண்கள் பிடித்துக்கொண்டார்கள். கடற்காற்று வரும் என்று பெண்கள் பின்பக்கத்தில் பாய் விரித்தார்கள். துணியின் இரண்டு பக்கமும் படம் தெரியும். பின்பக்கத்தில் இருப்பவர்களுக்கு வலது இடதாகவும் இடது வலதாகவும் இருக்கும், அவ்வளவுதான்.

கதாநாயகனுக்கு ஒரு பழக்கம். எதைத் தொடங்கினாலும் முதலில் சிலுவை அடையாளம் போடுவான். பஸ்ஸில் ஏற முதல் போடுவான், பேக்கரி அடுப்பைத் திறக்க முதல் போடுவான். பின்பக்கத்தில் இருந்த மதலேனாள் அக்கா நாலாவது தடவையில் எழும்பிவிட்டார். கோவிலில் பீடத்துக்குப் பூ வைப்பவர், இந்த விசயங்களில் மிகவும் கவனமானவர். இடக்கையால் சிலுவை போடுகிறவனை ஏன் கோவில் வளவில் காட்டுகிறீர்கள் என்று கேட்டார். நான் அவரைத் துணிக்கு முன்பக்கம் கூட்டிக்கொண்டு வந்தேன். கதாநாயகன் அடுத்த தடவை வலக்கையால் போட்டான். அக்கா திரும்பவும் பின்னால் போய்ப் பார்த்தார். இடக்கை. முன்னால் வந்தார். வலக்கை. காரணத்தை நான் ஆறுதலாக விளக்கினேன், தண்ணீரில் தெரியும் முகத்தை உதாரணம் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ஆம்பிளையளுக்கு முன்னால வலக்கை, பொம்பிளையளுக்கு முன்னால இடக்கை. உப்பிடியான ஆளை எனக்குத் தெரியாதோ?”

உயிர்த்தெழுந்தவள்

அடுத்த கிழமை உயிலங்குளத்தில் படம். கப்பல் காட்சி வந்தது. நான் தாயைச் சாகடிக்கத் தொடங்கும்போது முன்வரிசையில் இருந்த ஒரு வயதான மனிசி விம்மத் தொடங்கினார். மகன் கொழும்பில், மூன்று வருடமாகக் கடிதம் இல்லை என்று பிறகு அறிந்தேன். அந்த நேரம் எனக்கு ஒன்றும் தெரியாது, விம்மல் மட்டும் கேட்டது. இரக்கப்பட்டு, அந்த இடத்திலேயே தாயை உயிரோடு விட்டேன். அவள் சுகமாக இருக்கிறாள், மகனுக்காகக் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள் என்று சொல்லி முடித்தேன். மனிசி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மதலேனாள் அக்காவின் தங்கை உயிலங்குளத்தில் வாழ்க்கைப்பட்டவர் என்பதும், பத்து நாளைக்கு ஒருக்கால் அரிசியோடு பஸ்ஸேறிப் பள்ளிமுனைக்கு வருவார் என்பதும் யாருக்குத் தெரியும்? இருவரும் படத்தைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள். ஒருவரின் கிழவி செத்திருந்தாள், மற்றவரின் கிழவி கருவாடு கட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் காலை பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசைக்கு அந்தப் பக்கம் சுவாமி, இந்தப் பக்கம் மதலேனாள் அக்கா. மகன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் தாய் என்ன செய்வாள் என்று இரங்கி, அந்த இத்தாலியத் தாயின் ஆத்துமத்துக்காக அக்கா ஏற்கெனவே காசு கட்டிப் பூசை கொடுத்துவிட்டாராம்.

“உயிரோட இருக்கிற மனிசிக்கு நான் ஆத்துமப் பூசை குடுத்திட்டன் சுவாமி. இது ஆரின்ர பாவம், என்ரயோ, இந்தத் தம்பியின்ரயோ?”

தை மாதம்

அக்கா போன பிறகு சுவாமி மேசையில் கிடந்த இன்னொரு கடிதத்தை என் பக்கம் தள்ளினார். கையெழுத்து இல்லை. ஒலிபெருக்கியில் பொய் சொல்பவர் எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வேண்டாம் என்று ஒரே வரி. யார் எழுதியது என்று நான் அன்று முழுக்கச் சந்தேகப்பட்டேன். காதர் நானா, சம்மாட்டியார், பாவிலு அண்ணன் என்று எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். பாவிலு அண்ணன் எனக்கு வெற்றிலை நீட்டியதைக்கூட வேறுவிதமாக எடுத்துக்கொண்டேன்.

சுவாமி என்னைத் திட்டவில்லை. இத்தாலிய மொழி தெரியுமா என்று நேராகக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் நாள்காட்டியைப் பார்த்தார்.

“ரோமாபுரியில ஆறு வருசம் படிச்ச சுவாமி ஒராள் வெள்ளிக்கிழமை நானாட்டானுக்கு வாறார். அவரைப் பக்கத்தில இருத்திப்போட்டு உந்தப் படத்தைப் போடும். அவர் சொல்லுறதைக் கேட்டுத்தான் தை மாதம்.”

பாலத்துக்கு அந்தப் பக்கம்

பள்ளிமுனை இருக்கும் தீவிலிருந்து பாலம் தாண்டி வந்து, நானாட்டானில் அறுவடை முடிந்த வயலில் துணி கட்டினோம். ரோமாபுரிச் சுவாமி மெலிந்த மனிதர், பெரிய மூக்குக்கண்ணாடி. எனக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார். தங்கைகளை நினைத்தேன். பொய் சொன்னால் இன்றைக்கே பிடிபடுவேன், உண்மை சொன்னால் இதுவரை சொன்னதெல்லாம் பொய் என்று ஆகும். கப்பல் காட்சி வந்தது. அவன் கிழவியின் படத்தை எடுத்தான், அழுதான், பேசத் தொடங்கினான். நான் ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோய், “இந்த இடத்தில் இவர் சொல்வது எனக்கு விளங்கவில்லை” என்றேன்.

உடனே வயல் முழுக்க முணுமுணுப்பு. இரண்டாவது இடத்திலும் அதையே சொன்னேன். ஏதோ பெரிய விசயத்தை மறைக்கிறேன் என்ற முடிவுக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். சுவாமி பக்கத்தில் இருப்பதால் வாயைப் பொத்துகிறான் என்று ஒருவர். கந்தோரிலிருந்து தடை வந்திருக்கிறது என்று இன்னொருவர். உழவு மெஷினின் மேல் ஏறியிருந்த ஒருவர் எழும்பி நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

“பள்ளிமுனையில விளங்கின பாஷை, பாலம் தாண்டினவுடன விளங்காமப் போச்சோ?”

ரோமாபுரிச் சுவாமி

படம் முடிந்தது. யாரோ ரோமாபுரிச் சுவாமிக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் என்ன இருந்தது, காதர் நானா என்ன கேட்டார், தாயை எங்கே கொன்றேன், எங்கே உயிரோடு விட்டேன், எல்லாம். பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இவ்வளவு ஒழுங்காகச் சொன்னதில்லை.

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, திரையில் இருந்தவனைச் சந்தேகிக்க இவ்வளவு நாளும் ஏன் எனக்குத் தோன்றவில்லை என்பதுபோல என்னைப் பார்த்தார்.

“அதில ஒரு சொல்லும் இத்தாலிய மொழி இல்லை தம்பி. நடிச்சவன் இத்தாலிக்காரனுமில்லை, வாய்க்கு வந்த சத்தத்தைப் போடுறான். நீரும் அவனும் ஒரே வேலைதான் செய்திருக்கிறியள்.”

பூசை

பள்ளிமுனைக்கு நானே போய்ச் சொன்னேன். மரியான் சம்மாட்டியார் வலை பொத்திக்கொண்டிருந்தார், பெருவிரலில் கொழுவித்தான். தலையை நிமிர்த்தாமலே “ம்” என்றார். அவருக்கு அது புதினமில்லை.

மதலேனாள் அக்கா பீடத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்தார். இத்தாலிக்காரனும் இல்லை, அவனுக்குத் தாயும் இல்லை, அவள் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோவிலுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்ப அந்தப் பூசை ஆருக்குப் போய்ச் சேர்ந்தது?”

நியமனம்

அதற்குப் பதில் எனக்கு இன்றுவரை தெரியாது. பங்குச் சுவாமியிடம் கேட்கலாம் என்று போனேன். அவர் அதற்கு முன்பே ரோமாபுரிச் சுவாமியின் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பில் பிழை என்று சொல்ல ஒன்றும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. சுவாமி அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். வெளிச்சத்துக்குப் பிடித்தும் பார்த்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து நியமனக் கடிதத்தை எடுத்துத் தந்தார். கை நீட்டி நான் அதைப் பிடித்த பிறகும் தன் பக்க முனையை அவர் விடவில்லை.

“சரித்திரமும் ஞானோபதேசமும் வேற ஆக்கள் படிப்பிப்பினம். நீர் கணக்கு மட்டும் படிப்பியும்.”

முப்பது வருடம் கணக்குத்தான் படிப்பித்தேன், பத்திரிகைகளின் சிறுவர் பக்கங்களில் பேசும் நண்டுகளையும் பறக்கும் கழுதைகளையும் பற்றி எழுதியபோது ஒரு குழந்தையும் என்னைச் சந்தேகிக்கவில்லை, ஆனால் ‘விளங்கவில்லை’ என்று ஒலிபெருக்கியில் நான் சொன்ன உண்மையை நானாட்டானில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை.