கதவைக் கழுவிய தண்ணீர்

போன சனிக்கிழமை வரை அக்கா என் வீட்டுக் கதவைக் கழுவினாள். ஒரு வாளி, ஒரு பழைய பனியன் துணி, ஆறு மாதமாக ஒரு வாரமும் தவறாமல். கண்டியில் அதற்குத் தேவையே இல்லை. பேராதனை வீதியிலிருந்து மேலேறும் இந்தச் சரிவில் பனி வந்து நனைக்கும், மழை வந்து கழுவும். கதவு செய்வதுதான் என் தொழில்; பதினைந்து வருடத்துக்கு முன் நான் பொருத்திய அலுமினியக் கதவுகள் இன்னும் அன்று போலவே நிற்கின்றன. எங்கள் மழைக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் அதில் உப்பு இல்லை.

கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கேட்டறிந்தது. அக்காவும் அத்தானும் திருகோணமலைப் பக்கம், அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு கட்டினார்கள். அத்தான் ஃபோனில் சொன்னார்: "மச்சான், கதவு ஒங்க பொறுப்பு. இங்க இரும்பு வச்சா ரெண்டு வருஷத்துல பிஸ்கட் மாதிரி உதிருது."

கடலோர வேலை தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். இரும்புத் திருகாணி ஆகாது, ஸ்டெயின்லெஸ் வேண்டும். அதுவும் உப்பு ஈரத்தில் நேரே தொட்டால் அலுமினியத்தை அரித்துவிடும், ஆகவே இடையில் நைலோன் வொஷர். சீமெந்து படும் பக்கம் தார்ப்பூச்சு. வெட்டிய முனைகளுக்கு மறுபடி பெயின்ட். அடிச்சட்டத்தில் தண்ணீர் தேங்காமல் துளைகள். எல்லாம் கண்டியிலேயே செய்து லொறியில் ஏற்றிப் போய், நானே பொருத்தினேன்.

அத்தான் ஒரு வொஷரைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "இவ்வளவு பாதுகாப்பு எங்க கல்யாணத்துக்குக் கூட இல்லியே."

கதவு வெராந்தாவுக்குள் இருந்தது. மழை படாத உலோகத்தில்தான் உப்பு படிந்து கிடக்கும் என்று கேட்டிருந்தேன். கிளம்பும்போது அக்காவிடம் சொன்னேன்: "வாரம் ஒருக்கா தண்ணி ஊத்திக் கழுவிடுங்க. பூட்டு, கீல், எல்லாம்."

"சாமி படத்தையே நான் வாரா வாரம் தொடைக்கிறதில்ல. ஒன் கதவுக்கு வந்த வாழ்வப் பாரு" என்றாள். "சரி, கழுவுறேன்."

கழுவினாள்.

இரண்டறை வீடு. பின்கதவுக்கு விட்ட இடத்தைச் சமையலறை கட்டும்வரை கல் வைத்து அடைத்திருந்தார்கள். சன்னல்களில் கம்பி. மூன்றாம் வருடம், ஒரு காலையில் அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அக்கா ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினாள். பூட்டின் நாக்கு அசையவில்லை. பலம்கொண்டு திருப்பினாள். சாவி உள்ளேயே முறிந்தது. சன்னல் கம்பியைப் பிடித்துக் கத்தினாள். அக்கம்பக்கத்தார் அலவாங்குக் கம்பியோடு வந்தார்கள். வெகுநேரம் நெம்பியும் கதவு அசையவில்லை. நான் அவ்வளவு உறுதியாகப் பொருத்தியிருந்தேன். வெளியே தூக்கியபோது அத்தானுக்கு மூச்சிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இல்லை.

சாவு வீட்டுக்குப் போனபோது கதவைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். வொஷர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, தார்ப்பூச்சும் அப்படியே இருந்தது. பூட்டுக் குழிக்குள் மட்டும் வெள்ளைப் பொடி இறுகிக் கல்லாகிக் கிடந்தது. முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். வாரி அடித்த தண்ணீர் உதட்டில் பட்டது. உப்பு.

"அது குளிக்கத்தான், குடிக்கேலாது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "குடிக்கிற தண்ணி பவுசர் லொறியிலதான் வரும்."

மலையில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் தண்ணீர்தான். எந்தத் தண்ணீர் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. என் அக்கா வாரா வாரம் கடலையே வாளியில் மொண்டு பூட்டுக்குள் ஊற்றியிருக்கிறாள், என் சொல்லைக் கேட்டு.

அதைச் சொல்லாமலே அவளைக் கண்டிக்குக் கூட்டிவந்தேன். வேனில் வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள்: "பொங்கல் சமயம் ரெண்டு வாரம் கழுவாம விட்டுட்டேன் தம்பி. அதான் பூட்டு புடிச்சிக்கிச்சு." நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த சனிக்கிழமை வாளியோடு என் கதவின் முன் நின்றாள்.

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வாளிச் சத்தம் கேட்டதும் நான் வெளியே கிளம்பிவிடுவேன். போன வாரம் காய்ச்சல், போக முடியவில்லை. தீக்குச்சியில் துணி சுற்றி, பிள்ளையின் காதைத் துடைப்பது போலச் சாவித்துளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்கயும் ஒரு வாரம் விட்டுட்டா..." என்று ஆரம்பித்தாள்.

"அக்கா, நீங்க விட்ட ரெண்டு வாரத்தால இல்ல. கழுவுன தண்ணியால. அந்தக் கெணத்துத் தண்ணி உப்பு. நான் கேட்டிருக்கணும். கேக்கல."

துணி நின்றது. கீழே ரோட்டில் ஒரு பஸ் மூச்சு வாங்கி ஏறி, வளைவில் மறைந்தது.

"அப்ப நான் சும்மா விட்டிருந்தா?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. "இன்னும் கொஞ்ச வருஷம் தெறந்திருக்கும்" என்றேன்.

அவள் வாளிக்குள் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு வாளியை என் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கதவு பாதிதான் நனைந்திருந்தது. மீதியை நான் கழுவினேன்.