கதவுக்கு மேல் விட வேண்டிய சந்து

காலை 6.40. துபாய் அல் குபைபா நிலையத்தில் அல் ஐன் பஸ் ஏறினேன். இருபத்தைந்து திர்ஹம், நூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம். ஊர் சுற்றப் போகவில்லை. நான் வரைந்து கொடுத்த கூரை ஒன்று விரிசல் விட்டிருந்தது. அதைக் காப்பாற்ற முடியுமா என்று பார்க்கப் போனேன்.

8.50. அந்த வீடு இருக்கும் தோட்டத்துக்கு டாக்ஸி, முப்பத்தெட்டு திர்ஹம். பெஷாவர்க்கார டிரைவர், "மர வீட்டில் ஏசி யாருக்கு பாய், ஆளுக்கா மரத்துக்கா?" என்று இந்தியில் கேட்டார். தோட்டத்து அரபி நார்வேயில் ஒரு வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டார். முழு மரங்களை மூலையில் கொத்தி, ஆணியில்லாமல் ஒன்றையொன்று கவ்வும்படி அடுக்குவது அந்த நாட்டு முறை. கூரையின் உத்திரமும் அந்த மரச்சுவர்கள் மேல்தான் உட்காரும். எட்டு மாதம் அத்தனை மூட்டுகளையும் உளியால் வெட்டியவர் சிவகங்கைப் பக்கத்துச் செல்லத்துரை அண்ணன். கூரை ஏற்றிய வாரம் அவர் அப்பா இறந்துபோனார். வேலை பாதியில் நிற்கிறதென்று அவர் ஊருக்குப் போகவில்லை.

9.30. செல்லத்துரை அண்ணன் ஏணியைப் பிடிக்க, ஏறிப் பார்த்தேன். உத்திரம் நடுவில் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. மரம் காயக் காயச் சுவர் இறங்கும். அதற்காகத்தான் நடுச்சுவரில் கதவு நிலைக்கு மேல் நான்கு விரல் சந்து விடச் சொல்லியிருந்தேன். அங்கே ஒரு தேக்குச் சட்டம், இழைத்து மெருகேற்றி, கண்ணுக்கே தெரியாமல் பொருந்தியிருந்தது. ஓரச் சுவர்கள் இறங்கிவிட்டன. நடுச்சுவர் நிலையின் மேல் நின்றுவிட்டது. உத்திரத்துக்கு முதுகு ஒடிந்துவிட்டது.

"யாருண்ணே அடைச்சது?"

"நாந்தான் சார். அரபி வந்து பாக்கறப்ப சந்து தெரிஞ்சா, வேலை தெரியாத ஆசாரின்னுல்ல நெனைப்பாரு. எதுக்கு விடுறோம்னு யாரும் சொல்லலையே."

சொல்லவில்லைதான். வரைபடத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். சந்து தெரியாமல் சேர்ப்பதுதான் நம் ஊர் ஆசாரிக்கு மானம். அது எனக்குத் தெரியாததா என்ன? வெட்கமாக இருந்தது.

"சட்டத்தத் தட்டி எடுத்துட்டா சரியாயிருமா சார்?"

"இல்லண்ணே. உத்திரமே பொளந்துபோச்சு. கூரைய மொத்தமாப் பிரிக்கணும்."

அவர் தேக்குச் சட்டத்தை ஒருமுறை தடவினார். "கடப்பாறை போடுற ஆளுங்கள அனுப்பாதீங்க. நானே ஒவ்வொண்ணா எறக்கிர்றேன். அப்பாவத்தான் அடுத்தவங்க தூக்குனாங்க."

மதியம் 1.15. திரும்பும் பஸ்ஸில் அறிக்கை எழுதினேன். காரணம் என்று கேட்டிருந்த இடத்தில் என் பெயரைப் போட்டேன். அதனால் அவர் வேலை போகாமல் தப்பலாம். ஊருக்குப் போயிருக்க வேண்டிய அந்த வாரத்தை அவருக்கு யாராலும் திருப்பித் தர முடியாது.