மூன்றாம் பாகமும் என் மூன்று கேள்விகளும்

அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தால், முழுப் பதில் உடனே தர முடியாவிட்டாலும், கடிதம் கிடைத்தது என்றாவது தாமதமின்றி அறிவிக்க வேண்டும். அரச சேவையில் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லித்தரப்பட்ட விதி இது. சினிமாத் தியேட்டர்களை அது கட்டுப்படுத்தாது என்று எனக்குத் தெரியும். கட்டுப்படுத்தியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கண்டி நகரத் தியேட்டர் ஒன்றின் முகாமையாளருக்கு நான் எழுதியது ஒரு துப்பறிவாளர் படத்தைப் பற்றி. இரண்டு பாகங்கள் வந்துவிட்டன. இரண்டாம் பாகத்தின் முடிவில், துப்பறிவாளர் தட்டிய கதவு உள்ளிருந்து திறக்கிறது. அவருடைய முகம் மாறுகிறது. வெடிச் சத்தம். திரை இருள்கிறது. அவ்வளவுதான். அதன் பின் நாங்கள் காத்திருந்த காலத்துக்குள் நாட்டில் அரசாங்கமே மாறிவிட்டது.

ஆள் செத்துவிட்டார் என்பது என் தீர்ப்பு. மனைவி ஏற்கவில்லை.

"சிரிக்க வெளிக்கிட்ட முகம் அது. சாகப் போறவன் அப்பிடிப் பார்ப்பானே?" என்பாள்.

மூன்றாம் பாகத்துக்கு இயக்குநரை மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு நித்திரை குறைந்தது. சாவைத் தாங்கிக்கொள்வேன். இரட்டைச் சகோதரன் ஒருவனைக் கொண்டுவந்து இறக்கினால் தாங்கமாட்டேன். மனைவியின் கவலை வேறு. நாங்கள் பிந்தினால், கனடாவிலிருக்கும் எங்கள் மகன் எங்களுக்கு முன்பே படத்தைப் பார்த்துவிடுவான். பார்த்த கையோடு முடிவைச் சொல்லியும் விடுவான். போன முறை அப்படித்தான் செய்தான். ஆகவே முதல் நாள், முதல் காட்சி. வேறு வழியில்லை.

கடிதத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. முதல் நாளில் எத்தனை காட்சிகள்? பால்கனியில் எத்தனை ஆசனங்கள்? படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதே போன முறை விளக்கைப் போட்டு எங்களை வெளியேற்றியது எந்த அதிகாரத்தின் கீழ்?

"இஞ்சேருங்கோ, தியேட்டருக்கு ஆரும் பதிவுத் தபால் அனுப்புவினமோ? ஒரு போனைப் போட்டுக் கேளுங்கோவன்" என்றாள் மனைவி.

போனில் சொன்னதற்கு அத்தாட்சி கிடையாது. பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் வரவில்லை. இரண்டாவது நினைவூட்டலின் மேல் 'உடன் கவனத்துக்கு' என்று எழுதி அடிக்கோடிட்டேன். படம் வெளியாகும் வாரமும் வந்தது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ் ஏறி நேரிலேயே போனேன்.

முகாமையாளர் என் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றார். தன் கதிரையையே எனக்குத் தந்தார். தேநீர் வந்தது. பிஸ்கட்டும் வந்தது. மேசையில் கோப்புகள் அடுக்கியிருந்தன.

"எல்லாம் எடுத்து வச்சிருக்கோம் சார். எந்த வருசத்துல இருந்து பாக்கிறீங்க?"

"எதைத் தம்பி?"

"களியாட்ட வரிக் கணக்கு சார். நீங்க செக்கிங் வரப் போறீங்கன்னுதானே எழுதியிருந்தீங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் மாநகர சபையில், தியேட்டர்கள் டிக்கட்டுக்குக் கட்டும் வரியையும் பார்த்த வரி உத்தியோகத்தராக இருந்தவன். ஓய்வுபெற்றவர்கள் எல்லாரும் செய்வதுபோல் நானும் பழைய பதவியைக் கையொப்பத்தின் கீழ் போடுவேன். 'ஓய்வுபெற்ற' என்பதை மட்டும் அடைப்புக்குறிக்குள், சிறிதாக. அதற்கு மேலே காட்சிகள் எத்தனை, ஆசனங்கள் எத்தனை என்ற கேள்விகள். என் முப்பது வருட உத்தியோகத்தில் இதைவிடத் துப்புரவான விசாரணைக் கடிதம் எழுதியிருக்கமாட்டேன்.

"நான் படம் பார்க்க வாறன் தம்பி."

அவர் பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மூணு கடுதாசியையும் கொழும்பு ஹெட் ஆபீசுக்கு அனுப்பிட்டேன் சார். அவங்க லோயர்கிட்ட குடுத்துட்டாங்க. இந்த விசயம் முடியுற வரைக்கும் கண்டியில புதுப் படம் எதுவும் போட வேணாம்னு சொல்லிட்டாங்க."

"இந்தப் படமுமோ?"

"இதத்தான் சார் முக்கியமா சொன்னாங்க."

கடிதத்தைக் கடிதத்தால்தான் மீளப் பெறலாம். அங்கேயே தாள் வாங்கி எழுதிக் கொடுத்தேன். பதவியைப் போடவில்லை. கொழும்பிலிருந்து பதில் வந்ததும் போன் பண்ணுவதாக முகாமையாளர் சொன்னார். வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள் என்றேன். படம் வெள்ளிக்கிழமை வெளியாகிறது; மகனுக்குப் பயந்து, வியாழக்கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் போன் இயங்காது.

"தான் பார்க்கிற படத்தைத் தானே நிப்பாட்டின ரசிகன் உலகத்தில நீங்கள் ஒராள்தான்" என்றாள் மனைவி. கொழும்புக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால், வழியிலுள்ள கடுகண்ணாவை மலைப்பாதை வளைவுகளில் அவளுக்குத் தலை சுற்றும். போன்கள் இரண்டும் அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில் போயின. தொலைக்காட்சியின் வயரைக் கழற்றினோம்.

சனிக்கிழமை மரக்கறி வாங்க பஸ்ஸில் போனபோது, பின் ஆசனத்தில் இரண்டு மாணவர்கள் தொடங்கினார்கள்.

"மச்சான், கொழும்புல நேத்தே பாத்துட்டேன். அந்தக் கதவத் தொறக்கிறது அவரோட..."

மணியை அடித்துப் பாலத்துக்கு முன்பே இறங்கிவிட்டேன். மகாவலி ஆறு நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் பாதியில் நின்று, இன்னும் ஒரு பஸ் தரிப்பு பொறுத்து இறங்கியிருக்கலாமோ என்று யோசித்தேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி கத்தியை வைத்துவிட்டு வந்தாள்.

"வேறொண்டும் கேக்கேல்லையோ?"

"'அவரோட' எண்டது வரைக்கும்தான்."

"அப்ப சொந்தக்காரர்தான். நான் சொன்னனான்."

"'அவரோட எதிரி' எண்டும் வரலாம்."

"வராது" என்றாள். ஆனால் அன்று முழுவதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். நானும்தான்.

கடைசியில் தியேட்டரிலிருந்து பதிவுத் தபாலில் ஒரு உறை வந்தது. என் கடிதங்களின் திகதிகள் முறையாக மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. கோப்பு இலக்கமும் இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலைக் காட்சியிலிருந்து படம் திரையிடப்படும். பால்கனியில் இரண்டு ஆசனங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை விளக்கு போடப்படமாட்டாது. குறை சொல்ல இடமில்லாத பதில். மனைவி அலுமாரியைத் திறந்தாள். போன்களைத் தொடாமல், மேலேயிருந்த சேலையை மட்டும் உருவினாள். கதவுக்குப் பின்னால் யார் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. தபால்காரர் மணியடித்து என்னிடம் கையொப்பம் வாங்கியது, படம் வெளியான வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை; இன்னும் ஒரே ஒரு நாள் தாங்க வேண்டும்.