கிராஸ் வெட்டும் படித்திறனும்

ஐம்பதை ஒரே கோட்டால் வெட்டினாள். பக்கத்தில் ஒன்று என்று எழுதினாள்.

எழுதிய பிறகும் பேனாவை வைக்க மனம் வரவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். சாதாரண தரப் பரீட்சை, கணிதத் தாள். சுற்றிவர இரண்டாம் தடவை எழுத வந்த பொடியன்களும் பெட்டைகளும். அவர்களுக்கு நடுவே உஷாந்தி, முப்பத்தைந்தை எட்டப்போகிறவள்.

வினா ஒரு பேருந்தைப் பற்றியது. கொழும்பிலிருந்து ஒரு மணித்தியாலத்தில் அறுபது கிலோமீற்றர் தூரத்தில் நிற்கிறது, மூன்று மணித்தியாலத்தில் நூற்றறுபதில். வரைபு வரைந்து, கோட்டின் சாய்வான படித்திறனைக் காணவேண்டும். தூரத்திலிருந்து தூரத்தைக் கழித்தாள், நேரத்திலிருந்து நேரத்தைக் கழித்தாள். நூற்றை இரண்டால் வகுக்க ஐம்பது வந்தது. அதோடு விட்டிருக்கலாம். தலையைத் தூக்கி வரைபைப் பார்த்ததுதான் வினை.

கோடு சரி கிராஸில் படுத்திருந்தது. வெள்ளவத்தையில் பாலசுந்தரத்தின் தையற்கடையில் பதினான்கு வருடமாகப் பிளவுஸ் வெட்டுகிறவளுக்குக் கிராஸ் தெரியாதா? கடையில் மாதிரி வரையும் கட்டத்தாளில் கிராஸென்றால் ஒரு கட்டம் பக்கவாட்டில் போய் ஒரு கட்டம் மேலே ஏறவேண்டும். அந்தத் தாளில் கட்டமென்றால் ஓர் அங்குலம்தான், படுத்தாலும் நின்றாலும். ஐம்பதென்றால் கோடு சுவர்போல நிமிர்ந்தல்லவா நிற்கவேண்டும்? விரலை வைத்து எண்ணினாள். இரண்டு கட்டம் போய் இரண்டு கட்டம் ஏறியிருந்தது. ஐம்பதை வெட்டினாள்.

நிலைக்குத்து அச்சின் ஓரத்தில், ஒரு கட்டத்துக்கு ஐம்பது கிலோமீற்றர் என்று தன் கையாலேயே எழுதியிருந்தாள். அது கண்ணில் படவில்லை. மணி அடித்தது. தாளை வாங்கிக்கொண்டு போனார்கள்.

வாசலில் இரண்டு பொடியன்கள் விடை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மச்சான், படித்திறன் அம்பதுதானே?"

"அம்பதுதான்."

பிழையாகச் செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு மட்டக்குளியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினாள். இடம் கிடைத்தும் இருக்க முடியவில்லை. எழும்பிப் போய்க் கதவுப்பக்கம் நின்றாள். பம்பலப்பிட்டியில் பஸ் நகராமல் நிற்க, இறங்கி நடந்தாள்.

தொழிற்பயிற்சி நிலையமொன்றில் வெட்டுப் பாடத்துக்குப் போதனாசிரியர் தேடினார்கள். துணியைக் கொடுத்து வெட்டச் சொன்னார்கள், வெட்டிக் காட்டினாள், பிடித்துப்போயிற்று. ஆனால் கணிதத்தில் சித்தி வேண்டும், வயது முப்பத்தைந்தைத் தாண்டக்கூடாது. முன்பு இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டவள். அடுத்த தடவை எழுதலாம். வேலைக்குத்தான் வயது போய்விடும். முக்கோணமும் வட்டமுமாக வரும் கேத்திரகணிதம் எப்போதும் அவளுக்குக் கைகொடுத்ததில்லை. வரைபைத்தான் மலைபோல நம்பியிருந்தாள்.

வீட்டில் ராகுலன் இருந்தான். புறக்கோட்டையில் மின்சாரச் சாமான் கடையில் வேலை. மனைவிக்குப் பரீட்சையென்று அரைநாள் லீவு எடுத்திருந்தான். வினாத்தாளை வாங்கி வாசித்தான். என்ன விடை எழுதினாய் என்று கேட்டான். சொன்னாள்.

"இது பஸ்ஸெல்லோ? ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு கிலோமீற்றரோ? யாழ்ப்பாணம் போய்ச்சேர ரெண்டு கிழமை செல்லுமப்பா. அதுக்குள்ள றைவருக்குக் கலியாணமும் முடிஞ்சிடும்."

அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவன் அவள் முகத்தைப் பார்த்தான். வினாத்தாளை மடித்து மேசையில் வைத்தான்.

சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பினாள். கொடியிலிருந்த துணியை எடுத்து மடித்தாள், மடித்ததை உதறினாள். பல்கனிக்குப் போய்த் திரும்பி வந்தாள். தெரியாமல் விட்டிருந்தால் ஆறியிருக்கும். சரியாகச் செய்து, பிறகு கண்ணை நம்பி வெட்டியதுதான் அறுத்தது.

"ஒரு கோட்டாலதான் வெட்டினனான்," என்றாள். "கீழ அம்பது வடிவாத் தெரியும். கணக்குச் செய்த செய்கையும் இருக்கு. திருத்திறாக்கள் பாப்பினமோ?"

"வெட்டினதை ஏனப்பா பாக்கப்போயினம்?"

சொல்லியிருக்கக்கூடாது என்று அவனுக்குப் பட்டிருக்கவேண்டும். தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனான். அவள் மறுபடியும் பல்கனிக்குப் போனாள்.

மறுநாள் உஷாந்தி வழமைபோலக் கடைக்குப் போனாள். பாலசுந்தரம் பரீட்சை எப்படி என்று கேட்டார். எழுதினேன் என்றாள். வருட முடிவில் அவள் விலகுவதாக இருந்ததால், தெகிவளையிலிருந்து வேறொரு வெட்டுக்காரியை அவர் பேசி வைத்திருந்தார். முடிவு வரும்வரை அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுக்கவேண்டாம் என்று உஷாந்தி கேட்டுக்கொண்டாள். அவர் சரி என்றார். மத்தியானத்துக்குள் நான்கு பிளவுஸ் வெட்டினாள். இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. ஐந்துக்கு வந்ததும் அடுத்த பிளவுஸைக் கையில் எடுத்தாள்.