அக்கா போட்ட ஓட்டு

ஐரோப்பாவோடு சேர்ந்திருந்த கூட்டிலிருந்து விலகுவதா வேண்டாமா என்று இங்கிலாந்தில் ஓட்டுப் போட்ட வருடம், அக்காவும் அவள் மகளும் கிறிஸ்துமஸுக்கு யாங்கோன் வந்தார்கள். விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. வழியெல்லாம் பேசிக்கொள்ளவில்லை. தாமுவேயில் என் வீட்டு மாடிப்படி ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா தமிழில் மகளைப் பற்றி என்னிடம் குறை சொல்லிக்கொண்டே ஏறினாள். பெட்டியோடு பின்னால் வந்தவள் ஆங்கிலத்தில் என்னிடமே அதற்குப் பதில் சொன்னாள்.

அக்கா விலகச் சொல்லி ஓட்டுப் போட்டிருந்தாள். மகள் இருக்கச் சொல்லிப் போட்டிருந்தாள்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். நர்ஸ் படிப்பு முடித்து, இருபத்தாறு வயதில் இங்கிலாந்து போய், அங்கேயே குடியுரிமை வாங்கியவள். மகள் அங்கே பிறந்தவள். தமிழ் முழுக்கப் புரியும், பேச்சில் பாதி வரும். நான் வீட்டு முன்னறையில் ஆங்கில வகுப்பு நடத்துகிறவள். ஆகவே இருவருக்கும் நடுவில் பேச்சை எடுத்துப் போய்க் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. இரண்டு நாள் செய்தேன். மூன்றாம் நாள் காலையில் அலுத்துப்போய், மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸை மேசையில் வைத்து, எதுவானாலும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளுங்கள் என்றேன்.

மகள்தான் தொடங்கினாள். ஆனால் என்னைப் பார்த்தே பேசினாள். “சித்தி, அம்மா வேற நாட்டுலேர்ந்து வந்தவங்க. வந்துட்டு, பின்னாடி வர்றவங்களுக்குக் கதவச் சாத்துறாங்க. எனக்கு வெக்கமா இருக்கு.”

“நான் வரிசையில நின்னு போனவ” என்றாள் அக்கா. அதற்குமேல் சொல்லவில்லை. சொல்ல மாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் அம்மா கடைசி இரண்டு வருடம் ஒரு பக்கம் கை கால் விழுந்து என் வீட்டில்தான் கிடந்தார். அவரைத் தன்னிடம் கூட்டிக்கொள்ள அக்கா மனுப் போட்டாள். அதற்கான தாள்களுக்காக நான் குடிவரவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். இங்கே அதை லவக்கா என்போம். தாத்தா இந்தியாவிலிருந்து இங்கே அலோன் துறைமுகத்தில் மூட்டை இறக்க வந்தவர். அவர் எந்தக் கப்பலில் வந்தார் என்பதுவரை கேட்டார்கள். தேடிப் பிடித்து எல்லாம் கொடுத்தோம். அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டும் வந்தது. இங்கிலாந்துதான் முடியாது என்றது. மறுபடி கேட்டபோதும் முடியாது என்றது. அதே சமயம் அக்காவின் பக்கத்து வீட்டில், ஐரோப்பாவிலிருந்து வந்து குடியிருந்தவர், தன் தாயைச் சில வாரங்களில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கூட்டில் இருந்ததால் அவருக்கு அது சுலபமாய் இருந்தது. அக்கா அந்த அம்மாளுக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து எனக்கு போன் செய்து அழுவாள். அம்மாவை அடக்கம் செய்த மறுநாள்தான் அவளால் இங்கே வந்து சேர முடிந்தது.

இதில் எதையும் மகளுக்குச் சொன்னதில்லை. பாட்டிக்குப் பயணம் செய்ய முடியவில்லை என்றுதான் அவளுக்குத் தெரியும். அன்று மேசையில் நான் சொன்னேன். வேண்டாம் என்று அக்கா என் கையைப் பிடித்தாள். நான் நிறுத்தவில்லை.

மகள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அக்காவைக் கேட்டாள். மூன்று நாளில் தாயிடம் அவள் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. சொன்னால் நீ அந்த விசா அதிகாரிகளோடு சண்டைக்குப் போவாய், எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை என்றாள் அக்கா.

நானும் விடவில்லை. “அம்மாவ வரவிடாதது அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் இல்லக்கா. அவர் மேல எதுக்குக் கோவம்?”

“எனக்குத் தெரியாதா? ஆனா அந்த ஓட்டுச் சீட்டுல வேற எதயும் கேக்கலயே. யாரு உள்ள வரலாம்னு அத்தன வருஷத்துல என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி அதுதான்.”

அவள் போட்டது தப்பு ஓட்டு என்றுதான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். மகளும் தன் பக்கத்திலிருந்து அசையவில்லை. ஆனால் அன்று பிற்பகல் இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். திரும்பும்போது ஒரே சைக்காவில் வந்தார்கள். சைக்கிளோடு ஒட்டிய அந்த வண்டியில் இரண்டு பேர் முதுகோடு முதுகு சாய்ந்துதான் உட்கார முடியும். அப்படி உட்கார்ந்தபடியே தலையைத் திருப்பித் திருப்பிப் பேசிக்கொண்டு வந்ததை மாடியிலிருந்து பார்த்தேன்.

சில வருடங்களில் என் வீட்டுக்கும் அந்தத் தாய் மகள் பிணக்கு வந்தது. என் மகளும் நர்ஸ். இங்கே தேர்தல் நடந்தபோது அவளும் நானும் ஒரே வரிசையில் நின்றோம். அவளுக்கு அது முதல் ஓட்டு. ஊதா மை தோய்த்த விரலை ஒரு வாரம் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாள். பிறகு சில மாதங்களில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துக்கொண்டது, அந்த ஓட்டு ஒன்றுமில்லாமல் போனது. நான் இங்கேயே இருப்பது என்று முடிவு செய்தேன். அவள் போவது என்று முடிவு செய்தாள். முதலில் தடுத்தேன். அவள் பர்மியில் விடாமல் வாதாடிவிட்டு, கடைசியில் எனக்கு உறைக்க வேண்டும் என்று தமிழில் சொன்னாள்.

“நீங்க காத்திருந்து பழகிட்டீங்கம்மா. நான் பழக மாட்டேன்.”

என்னைப் பற்றி அவள் சொன்னது உண்மைதான். அதில் எனக்கு வெட்கமில்லை. அவள் சொன்னது அவளுக்குச் சரி என்றும் புரிந்தது. அந்தக் கூட்டிலிருந்து விலகிய இங்கிலாந்து ஆள் போதாமல் எங்கள் பக்கத்து நர்ஸுகளையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதற்கான ஆங்கிலத் தேர்வுக்கு என் முன்னறையில் நானே அவளைத் தயார் செய்தேன். மற்ற மாணவர்களைவிட அவளைத்தான் அதிகம் கடிந்துகொண்டேன். ஒரே தடவையில் தேறினாள்.

விசா வந்த அன்று அக்கா போனில் வந்தாள். “பாத்தியா? அந்தக் கதவச் சாத்துனதாலதான் நம்ம புள்ளைக்கு இது திறந்துச்சு.”

“ஓட்டுப் போடும்போது இவளயா நெனச்சே?” என்று கேட்டேன்.

இல்லை என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். அவள் மகள் போனை வாங்கி, தங்கச்சி வருவது சந்தோஷம், அதற்காக அம்மா செய்தது சரியாகிவிடாது என்றாள். அங்கே விமான நிலையத்துக்குப் போய் என் மகளை வீட்டுக்குக் கூட்டிப்போனவளும் அவள்தான்.

அங்கே அடுத்த பொதுத் தேர்தல் வந்தபோது என் மகளுக்கு ஓட்டு இல்லை. அவளோடு வேலை பார்க்கும் இந்திய நர்ஸுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே ஓட்டு இருந்தது. வெள்ளைக்காரன் முன்பு ஆண்ட நாடுகளின் கூட்டில் இந்தியா உண்டு; பர்மா சுதந்திரம் வாங்கியபோதே அதில் சேர மறுத்த நாடு. அதனால் நம்மவர்கள் குடியுரிமை வாங்கும்வரை அங்கே வெளியில்தான் நிற்க வேண்டும். நிஜமாகவே ஓட்டுச் சாவடிக்கு வெளியில்தான் நின்றாளாம், மழையில், அக்காவின் பையையும் அவள் மகளின் பையையும் பிடித்துக்கொண்டு. உள்ளே போன இருவரும் ஆளுக்கொரு கட்சிக்குப் போட்டுவிட்டு வந்து, சேர்ந்து சாப்பிடப் போனார்களாம்.

உனக்கு ஓட்டு இருந்தால் யாருக்குப் போட்டிருப்பாய் என்று போனில் என் மகளைக் கேட்டேன்.

“பெரியம்மாவும் கேக்குறாங்க, அக்காவும் கேக்குறாங்க. எனக்குன்னு ஓட்டு வரட்டும்மா, அப்ப சொல்லுறேன்.”

சொல்லு, நான் இங்கேதான் இருப்பேன் என்றேன். மாணவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டேன்.