பால் சட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர்

எங்கள் அடுப்படிக்குள் தண்ணீர்ப் பாத்திரம் வரக்கூடாது. அது என் மாமனார் காலத்துச் சட்டம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற எல்லா இடத்திலும் இப்படியா என்று எனக்குத் தெரியாது, எங்களிடம் இப்படித்தான். கடையும் அடுப்பும் ஒன்றாகத் தெருவைப் பார்த்து இருக்கின்றன. வாங்க வருகிறவர் நின்ற இடத்திலிருந்தே சட்டியைப் பார்க்கலாம். சட்டிக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரைப் பார்த்துவிட்டால் போதும், "பால்ல தண்ணி ஊத்துதாக" என்று பஸ் ஏறுவதற்குள் நாலு பேரிடம் சொல்லிவிடுவார். அதனால் கை கழுவுவது, குடிப்பது எல்லாம் பின்கட்டில், குழாயடியில்.

பின்கட்டு கூப்பிடு தூரம்தான். ஆனால் சட்டியை விட்டுவிட்டு யார் போவது? பால் சுண்ட ஆரம்பித்துவிட்டால் துடுப்பு நிற்கக்கூடாது. நின்றால் அடிப்பிடித்துவிடும், அந்தத் தீய்ந்த வாசனையை எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது. ஒரு சட்டி இறங்கினால் அடுத்த கேன் பால் வந்து நிற்கும். முந்திரிக்கொட்டைத் தோடு போட்டு எரிக்கிற தீயின் அனலில் வியர்த்துக் கொட்டும். தாகம் எடுக்கும், கொஞ்ச நேரத்தில் அதுவே அடங்கிவிடும். அப்படி அடங்குவதைத் தெம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நான் ஒரு மடச்சி.

வாக்கப்பட்டு வந்த புதிதில், "வாத்தியார் வீட்டுப் பிள்ளை, இந்த அனல்ல எம்புட்டு நாளைக்கு நிக்கும்?" என்று கேலி பேசினார்கள். அந்த வாய்களை அடைக்கவே நின்றேன். இன்று மதுரையிலிருந்து வருகிறவர்கள்கூட, "அந்த அக்கா கிண்டினது இருக்கா?" என்று கேட்டு வாங்குகிறார்கள். அந்தத் துடுப்பு எனக்கு யாரும் கொடுத்தது இல்லை. நானாகப் பிடித்தது.

வலி முதன்முதலில் வந்ததும் அந்தத் துடுப்பைப் பிடித்திருந்தபோதுதான். இடது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம், யாரோ உள்ளே கைவிட்டுத் துணி பிழிவது போல முறுக்கியது. அங்கிருந்து அடிவயிற்றுக்கு இறங்கியது. பிள்ளை பெற்றவள் நான், அந்த வலியில் நடுவே மூச்சுவிட நேரம் கிடைக்கும். இதில் அதுவும் இல்லை. "ஏசுவே!" என்று கத்திவிட்டேன். ஆனால் சட்டியில் பால் திரண்டு வருகிற பதம். கல்லாவிலிருந்து என் கணவர் ஓடி வந்து துடுப்பைப் பிடுங்கப் பார்த்தார். "தொடாதீங்க, பதம் போயிரும்!" என்று சீறினேன். பல்லைக் கடித்துக்கொண்டு கிண்டி முடித்து, சட்டியை இறக்கச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் தரையில் விழுந்து வாந்தி எடுத்தேன்.

அதன் பிறகு தெருவே வைத்தியரானது. வாழைத்தண்டுச் சாறு குடி, தக்காளியைத் தொடாதே, வெறும் வாயுதான், ஒரு சோடா குடித்தால் போய்விடும் என்று ஆளுக்கு ஒன்று. வாழைத்தண்டுச் சாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். வாய் துவர்த்ததுதான் மிச்சம். அடுத்த தடவை வலி வந்தபோது காய்ச்சலும் குளிரும் சேர்ந்துகொண்டன. கணவர் கடையை அடைத்துவிட்டு வாடகைக் காரில் ராஜபாளையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் இருந்த ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் டிரைவரைத் திட்டினேன். பாவம், அவர் போட்ட தடையா அது?

ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு டாக்டர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

"கொட்டைப்பாக்கு பெருசுக்கு ஒரு கல்லும்மா. மூத்திரப் பாதையை அடைச்சு கிட்னி வீங்கிப் போச்சு. ரொம்ப நாளா உள்ளுக்குள்ள இருந்திருக்கு, அந்தக் கிட்னி இப்பவே பாதி வேலைதான் பாக்குது. மொதல்ல காய்ச்சலைக் குறைப்போம், பொறவு முதுகுல சின்னதா துளை போட்டு, கல்லை உடைச்சு எடுத்துருவோம். அது என் வேலை. நீங்க என்ன வேலை பாக்கீங்க?"

"பால்கோவா கிண்டுதேன் சார்."

"அடுப்புல நிக்கும்போது தண்ணி எம்புட்டு குடிப்பீங்க?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"இனிமே குடிக்கணும். நாள் பூரா, கொஞ்சம் கொஞ்சமா. இல்லேன்னா திரும்பவும் கல் வளரும். அடுத்த தடவை அந்தக் கிட்னியைக் காப்பாத்தித் தர முடியும்னு நான் சொல்ல மாட்டேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கணவர் மெதுவாக ஆரம்பித்தார். "ஏட்டி, நீ இனி அடுப்புப் பக்கம் வர வேண்டாம். நல்ல மாஸ்டரா ஒரு ஆளைப் போட்டுக்கிடலாம். நீ கல்லாவுல உக்காந்து தண்ணியைக் குடி."

அவர் அன்பில்தான் சொன்னார். எனக்கு வலியைவிட அது அதிகமாக வலித்தது. என்னை அடுப்படியிலிருந்து எடுப்பாராம், ஆனால் ஒரு செம்புத் தண்ணீரை அடுப்படிக்குள் விடமாட்டாராம்! "கல்லைத்தான எடுக்கச் சொன்னாரு? என்னையவா எடுக்கச் சொன்னாரு?" என்றேன்.

காய்ச்சல் விட்ட பிறகு அறுவைச் சிகிச்சை. தாலியைக் கழற்றச் சொன்னார்கள். அவர் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையை வைத்துப் பொத்திக்கொண்டார். உள்ளே போகும்போது பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஜெபம்கூடச் சண்டை போடுகிற மாதிரிதான் செய்தேன். ஆண்டவரே, கிட்னியும் வேண்டும், துடுப்பும் வேண்டும், ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பிடுங்காதேயும்.

கண் விழித்தபோது முதுகில் ஒரு குழாய், கீழே ஒரு குழாய். பையில் கல்யாண வீட்டு ரோஸ் மில்க் நிறத்தில் சிறுநீர். நர்ஸ் வந்து, "கல்லு பூரா வந்துருச்சுக்கா. தண்ணி குடிங்க, கலர் தெளியட்டும்" என்றாள். குடித்தேன். வேண்டாம் வேண்டாம் என்று வயிறு சொல்லச் சொல்லக் குடித்தேன். நிறம் வெளுக்க வெளுக்க எனக்குப் பிடிவாதம் ஏறியது. வீட்டுக்கு வந்த பிறகும் உள்ளே வைத்திருந்த மெல்லிய குழாய் ஒவ்வொரு தடவை சிறுநீர் போகும்போதும் சுரீர் என்றது. அதையும் சொன்ன நாளில் போய் எடுத்துவிட்டேன்.

டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று சொன்ன மறுநாள், மூடி போட்ட எவர்சில்வர் குடம் ஒன்றில் தண்ணீர் நிறைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி மேல் வைத்துவிட்டுத் துடுப்பைப் பிடித்தேன். கணவர் வந்து பார்த்தார். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டில் வைத்தார். நான் சட்டியை இறக்கிவைத்துவிட்டுப் போய்த் திரும்ப எடுத்து வந்தேன்.

"ஏட்டி, அப்பா கட்டிக்காத்த பேரு. ஊரு என்ன சொல்லும்?"

"ஊருக்குக் கிட்னி ரெண்டு இருக்கு. எனக்கு ஒன்னரைதான்."

குடம் அங்கேயே இருந்தது. ஆனால் யாராவது வாங்க வந்தால், அவர் அதை மறைத்தாற்போல் வந்து நின்றுகொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வாரமே ராஜபாளையத்து அண்ணாச்சி ஒருவர் வந்தார். அவர் கடைக்கு எங்களிடம்தான் வழக்கமாகச் சரக்கு எடுப்பார். எட்டிப் பார்த்தவர் கண்ணில் குடம் பட்டுவிட்டது.

"என்னம்மா, பால் சட்டிக்குப் பக்கத்துல குடம்?"

"எனக்குக் குடிக்க வச்சிருக்கேன் அண்ணாச்சி. ஆபரேஷன் பண்ணியிருக்கு."

"அப்படியா, அப்படியா" என்றார். ஒரு விள்ளல் எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார், வாயில் போட்டார். வழக்கமாக எடுப்பதில் பாதிதான் அன்று எடுத்தார்.

அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் கணவர் நேராக அடுப்படிக்கு வந்தார். குடத்தைத் தூக்கினார். பின்கட்டுப் பக்கம் நடந்தார். சட்டியில் பால் திரள்கிற பதம், துடுப்பை விட்டுப் போக முடியாது. போங்கள், கொண்டுபோய் வையுங்கள், சட்டி இறங்கட்டும், நானும் எடுத்து வருகிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே கிண்டினேன்.

குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

குடம் தளும்பத் தளும்பத் திரும்பி வந்தார். முக்காலியில் வைக்கவில்லை. தெருவில் போகிறவருக்கெல்லாம் தெரிகிற மாதிரி தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு டம்ளர் மொண்டு, அடுப்படியில் நின்றபடியே கடகடவென்று அவரே குடித்தார். இன்னொரு டம்ளர் மொண்டு என்னிடம் நீட்டினார்.

"காலி ஆனா சொல்லணும்ல? பிடி."

இடது கையால் வாங்கிக் குடித்தேன். வலது கை கிண்டிக்கொண்டிருந்தது.