வகுபடாத டெலிபோன் எண்

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு டெலிபோன் வந்தது. வடக்கே, தலைநகரின் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் தனியாளாக இருந்தேன். புள்ளிவிவரப் பிரிவில் வேலை. போனைக் கொடுத்தது அலுவலகம். ஊரில் எங்கள் தெருவில் எவரிடமும் போன் கிடையாது. ஆக, என்னைக் கூப்பிட ஒரு ஆளும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கறுப்புப் பெட்டி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எரிச்சலாக வரும். கணக்குப் படித்தவன் சும்மா இருப்பானா? அதன் ஆறு இலக்க எண்ணைக் குடைய ஆரம்பித்தேன். 41 என்று முடிந்ததால் இரண்டும் ஐந்தும் உடனே கழன்றுகொண்டன. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன், மூன்றும் போயிற்று. பிறகு ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்தேன். வர்க்கமூலம் வரை போனால் போதும், ஆனால் அதுவே எண்ணூறைத் தாண்டியது. எல்லாவற்றிலும் மீதி நின்றது. என் எண்ணும் பகா எண்தான்! உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் சொல்ல?

அந்த வாரம் முதல்முறையாக மணி அடித்தது.

"அண்ணாச்சி, இட்லி அரிசி வந்துட்டா?"

அசல் எங்கள் திருநெல்வேலிப் பேச்சு. "ராங் நம்பர்மா," என்றேன்.

"அச்சா, தப்பா எடுத்துக்கிடாதீங்க."

அதன்பிறகு அந்த அம்மாள் அடிக்கடி வந்து மாட்டினார். "மறுபடியும் நீங்கதானா அண்ணாச்சி? அங்க மழை உண்டா?" என்பார். "தூத்தல் போடுது," என்பேன். அவ்வளவுதான் பேச்சு. அதற்காகவே சாயங்காலம் வெளியே போகாமல் இருந்தேன்.

கோளாறு எங்கே என்று எனக்குச் சீக்கிரமே பிடிபட்டது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நான் காப்பிப்பொடி வாங்கும் மளிகைக் கடையின் காலண்டர் என் சமையலறையில் தொங்கியது. அதில் கடையின் போன் எண், என்னுடைய அதே இலக்கங்கள். கடைசி இரண்டு மட்டும் இடம் மாறி 14. இப்படி இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். இங்கே இருபத்தேழு. அந்த இருபத்தேழைக் கழித்தால் குணமே வேறு. கடையின் எண் இரண்டு, ஏழு, பதினொன்று என்று வந்தவர்களுக்கெல்லாம் வகுபட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஒருநாள் அந்த அம்மாளே கேட்டார். "ஏன் அண்ணாச்சி, எப்பவும் உங்களுக்கே வருது? கோளாறு என் விரல்லயா, போன்லயா?"

சொன்னால் இனிமேல் கூப்பிடமாட்டார். நன்றாகத் தெரியும். ஆனால் தப்புக் கணக்கைக் கண்டால் திருத்தாமல் விட எனக்கு வராது. பாழாய்ப்போன புத்தி.

"கடைசில ஒண்ணு, நாலு. நீங்க நாலு, ஒண்ணுன்னு எழுதி வச்சிருப்பீய."

"அட ஆமா! சுவத்துல அப்படித்தான் எழுதியிருக்கேன். ரொம்ப உபகாரம் அண்ணாச்சி."

அதோடு சரி. தீபாவளி நெருங்கியும் போன் அடிக்கவில்லை. மனசு தாங்கவில்லை. காலண்டரைப் பார்த்து நானே கடைக்கு டயலைச் சுழற்றி, அந்த அம்மாள் மாதிரியே கேட்டேன்.

"அண்ணாச்சி, இட்லி அரிசி வந்துட்டா?"

"வந்துட்டு. எத்தனை கிலோ போட?" என்றார் கடைக்காரர்.

என் வீட்டில் மாவரைக்க ஆட்டுக்கல்கூடக் கிடையாது.

"ஒரு ஆளுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன்.